பாண்டிக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போறது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதைக் கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.)

போன வாரம் ஆபீஸ் லஞ்ச்ல ஒரு நண்பர் லேப்டாப்பைத் திறந்து வச்சு, போர்தோ போறதுக்கு பிளான் போட்டுட்டிருந்தார். பிரான்ஸ்ல கரோன் ஆத்தங்கரையில இருக்கிற பழைய துறைமுக ஊர். ரோமானியர் காலத்துல இருந்தே ஒயினுக்குப் பேர் போனது. ஷெங்கன் விசா, ஃப்ளைட், ஹோட்டல்னு எக்ஸெல் ஷீட் நீளமா போகுது. "நீ லீவுக்கு எங்கடா?"ன்னு கேட்டார்.

"நானும் ஆத்தங்கரை, பழைய துறைமுகம், பிரெஞ்சுத் தெரு, ரோமானிய ஒயின் எல்லாம் இருக்கிற ஊருக்குத்தான் போறேன். எங்க சேத்தியாத்தோப்புல இருந்து பஸ்லயே போயிடலாம்"னேன்.

சிரிச்சார். "பாண்டியா? சரக்கடிக்கவா?"

இதே கேள்வியை அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எங்க அம்மா கேட்டிருந்தாங்க. ஆனா அவங்க சிரிக்கல.

பிரச்சனை என்னன்னா

அப்பா நெய்வேலி சுரங்கத்துல ஷிப்ட் வேலை பார்த்து ரிட்டயர் ஆகப் போறார். குடும்பத்தோட ரெண்டு நாள் வெளியூர்ல தங்கினதா எனக்கு ஞாபகமே இல்ல. அதனால பாண்டி போலாம்னு சொன்னேன். அப்பா உடனே ஓகே. அம்மா மட்டும், "குடிக்கப் போற ஊருக்குக் குடும்பத்தோட போவாங்களாடா?"ன்னு கேட்டாங்க.

அம்மா அப்படிக் கேட்கக் காரணம் இருக்கு. எங்க மாமா, அம்மாவோட தம்பி, சனிக்கிழமை ஆனா பாண்டி பஸ் ஏறிடுவார். கடைசில கல்லீரல் கெட்டு, நாற்பது வயசு தாண்டுறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டார். அம்மாவுக்கு அந்த ஊர்ப் பேரே ஆகாது. "சும்மா வாங்கம்மா"ன்னு சொல்லி இதைத் தாண்ட முடியாது. அதனால நான் கொஞ்சம் படிச்சேன். இந்த எபிசோட்ல ரெண்டு விஷயம்: பாண்டிக்கு அந்தப் பேர் எப்படி வந்தது, அதைத் தாண்டி அங்க எப்படி ஒரு டிரிப் பிளான் பண்றது.

ஒரே எல்லைக்கோடு

பிரெஞ்சுக்காரங்க இங்க வந்து உட்கார்ந்தது 1674ல. நடுவுல டச்சுக்காரங்க, பிரிட்டிஷ்காரங்கன்னு கை மாறி மாறிப் போனாலும், 1954 நவம்பர் 1 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சி. அதாவது, நம்ம கடலூர்ல பிரிட்டிஷ் சட்டம், பக்கத்துலயே பாண்டில பிரெஞ்சுச் சட்டம்.

மதராஸ் மாகாணத்துல மதுவிலக்கு 1937ல சேலத்துல ஆரம்பிச்சு, 1948ல முழு மாகாணத்துக்கும் வந்துச்சு. கோட்டுக்கு அந்தப் பக்கம் அந்தச் சட்டம் செல்லாது. தமிழ்நாட்டுல 1971ல கடையைத் திறக்கிற வரைக்கும் குடிக்கணும்னு நினைச்சவங்க கோட்டைத் தாண்டினாங்க. பாண்டி யூனியன் பிரதேசம் ஆன பிறகும் அதுக்குன்னு தனி கலால் வரி. அதனால இன்னைக்கும் அங்க விலை கம்மி.

இப்போ அதே கோட்டை இன்னொரு பக்கமா பாருங்க. 1908ல 'இந்தியா' பத்திரிகை மேல பிரிட்டிஷ் அரசு கை வச்சப்போ பாரதியார் ஓடி வந்தது இந்தக் கோட்டுக்குள்ள. 1910ல அரவிந்தர் வந்தார், வ.வே.சு. ஐயரும் வந்தார். பத்து வருஷம் பாரதி இங்கதான் எழுதினார். 1918 நவம்பர்ல கோட்டைத் தாண்டி வெளிய வந்த உடனே கைது பண்ணி கடலூர் சிறையில வச்சாங்க. நம்ம பஸ் போற அதே கடலூர்!

சரக்கு விலை கம்மியா இருக்கிறதுக்கும், பாரதி பாட்டு நமக்குக் கிடைச்சதுக்கும் காரணம் ஒரே எல்லைக்கோடுதான். மாமா ஒண்ணைத் தேடிப் போனார். நாம இன்னொண்ணைத் தேடிப் போலாம். அம்மாகிட்ட நான் சொன்னது இதைத்தான்.

ஒயின் வந்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு

பாண்டிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆத்தங்கரையில அரிக்கமேடு. 1945ல மார்ட்டிமர் வீலர் இங்க தோண்டினார். அப்புறம் பிரெஞ்சு ஆய்வாளர் கசால், 1989ல இருந்து 1992 வரைக்கும் விமலா பெக்லி. கிடைச்சதுல முக்கியமானது ஆம்போரா: ரெண்டு கைப்பிடி, அடி கூம்பின நீள ஜாடி. கப்பலோட அடித்தளத்துல நெருக்கி அடுக்க வசதியா அந்த வடிவம். உள்ளே ஒயின் கசியாம இருக்கப் பிசின் பூசியிருப்பாங்க. கிரேக்கத்தோட கோஸ் தீவு, இத்தாலின்னு பல இடத்துல இருந்து வந்த ஜாடிங்க. யவனர் கொண்டுவந்த மதுவைப் பத்தி புறநானூறு 56ல நக்கீரரும் பாடியிருக்கார்.

இத்தாலியில செஞ்ச ஒரு வகைச் சிவப்பு மண்பாண்டமும் கிடைச்சது. அது எந்தக் காலத்துதுன்னு ஏற்கனவே தெரியும். அதை வச்சு, அதே மண் அடுக்குல கிடைச்ச நம்ம ஊர்ப் பானைகளோட காலத்தை வீலர் கணிச்சார். டைம்ஸ்டாம்ப் இல்லாத லாக் ஃபைல்ல ஒரே ஒரு வரிக்கு மட்டும் நேரம் தெரிஞ்சா மத்ததை ஒழுங்குபடுத்துவோம்ல, அது மாதிரி. ஆனா ரோமானியர் வந்துதான் ஊர் உருவாச்சுன்னு நினைச்சிடாதீங்க. அதுக்கு முன்னாடியே இங்க ஆள் குடியிருந்தாங்கன்னு பெக்லியோட ஆய்வு காட்டுச்சு.

போர்தோ ஒயினை வெளிய அனுப்பின துறைமுகம். அரிக்கமேடு ஒயினை இறக்கின துறைமுகம். இங்க செஞ்ச மணிகள் வெளிய போச்சு.

ரெண்டு நாள் பிளான்

சனி, ஞாயிறு வச்சுக்கோங்க. திங்கட்கிழமை மியூசியம் லீவு. சேத்தியாத்தோப்புல இருந்து வடலூர், குறிஞ்சிப்பாடி, கடலூர் வழியா சுமார் 80 கிலோமீட்டர். காலையிலயே கிளம்பிடுங்க.

முதல் நாள்: பாண்டிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி அரியாங்குப்பத்துலயே இறங்கி, ஆட்டோ பிடிச்சு அரிக்கமேடு. பெரிய அரண்மனைய எதிர்பார்க்காதீங்க. தோப்பும் ஆறும்தான். அங்க நிக்கிற செங்கல் சுவரைப் பார்த்து ரோமானியர் கட்டினதுன்னு செல்ஃபி போடுவாங்க. அது 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மிஷன் கட்டடம். தோண்டி எடுத்ததைப் பார்க்கணும்னா பாரதி பூங்கா பக்கத்துல இருக்கிற மியூசியத்துக்குப் போகணும். இடத்தை முதல்ல பார்த்துட்டு ஜாடியை அப்புறம் பார்த்தாத்தான் மனசுல நிக்கும். சாயந்திரம் கடற்கரைச் சாலையில வண்டிகளை நிறுத்திடுவாங்க. அப்பா அம்மா நிம்மதியா நடக்கலாம்.

ரெண்டாம் நாள்: வெயிலுக்கு முன்னாடி நடை. தெருவெல்லாம் நேர்கோடா இருக்கிறதால தொலைஞ்சு போக முடியாது. அந்தக் கட்டம் கட்டமான பிளான் டச்சுக்காரங்க போட்டது. 1761ல பிரிட்டிஷ் படை ஊரை இடிச்சுத் தள்ளினதால, இப்போ நாம பார்க்கிற மஞ்சள் வீடுங்க பெரும்பாலும் அதுக்கப்புறம் வந்ததுதான். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரங்க, மேற்கே தமிழங்கன்னு பிரிச்சு வச்ச ஊர் இது. போட்டோ எடுக்கிறவங்க கிழக்கோட நின்னுடுறாங்க. நீங்க வாய்க்காலைத் தாண்டுங்க. திண்ணை வச்ச தமிழ் வீடுகள் அங்கதான் இருக்கு. ஈஸ்வரன் கோயில் தெருவுல பாரதியார் வீடு, அப்புறம் காந்தி வீதி சண்டே மார்க்கெட். மார்க்கெட் அம்மாவுக்காக.

கடைசியா ரெண்டு டிப்ஸ்

ஒண்ணு, நீண்ட வீக்எண்ட், புத்தாண்டு, இந்த நேரத்துல போகாதீங்க. ரூம் வாடகை எகிறிடும், கூட்டத்துல பெரியவங்க தவிச்சுப் போயிடுவாங்க. ரெண்டு, "வரும்போது ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வாடா"ன்னு யாராவது சொன்னா, முடியாதுன்னு சொல்லிடுங்க. அங்க வாங்கினதைத் தமிழ்நாட்டுக்குள்ள கொண்டு வர்றது குற்றம், செக்போஸ்ட்ல பிடிப்பாங்க.

அம்மா இன்னும் சரின்னு சொல்லல. ஆனா நேத்து போன்ல, "அந்த பாரதியார் வீட்டுல மாடிப்படி இருக்குமா? அப்பாவுக்கு முட்டி வலி"ன்னாங்க. அப்புறம், "போற வழியில வடலூர்ல இறங்கி ஐயாவைக் கும்பிட்டுட்டுத்தான் போகணும்"னாங்க.

வள்ளலார் வழியா பாண்டி. நான் ரூம் புக் பண்ணிட்டேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே!