சோடா ரொட்டியும் ஆரஞ்சு வெண்ணெயும்

சோடா ரொட்டி என்று சொன்னவுடனே நேயர்களில் பலருக்குக் கோலி அடைத்த சோடாப் புட்டியே நினைவுக்கு வரும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும் இச்சொல்லை முதன்முதலாக ஒரு பக்கத்தில் கண்டபோது அவ்வாறே தோன்றிற்று. ஆனால் இங்கே சோடா என்பது பானம் அன்று. ஆப்பத்திற்கு நம் வீடுகளில் ஒரு சிட்டிகை சேர்க்கிறோமே, அந்த ஆப்பச் சோடாவேயாகும். அதனைக் கொண்டு, ஈஸ்ட் என்னும் நொதி சிறிதும் இன்றி, ஒரு மணி நேரத்திற்குள் சுட்டு எடுக்கும் ரொட்டியே சோடா ரொட்டி. இதற்குத் தாயகம் அயர்லாந்து நாடு.

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் அனைவரும் அறிந்த துன்பம் ஒன்று உண்டு. மார்கழி, தை மாதங்களின் குளிரில் இட்லி மாவு பொங்குவதில்லை. கம்பளி போர்த்தி வைத்தாலும், அடுப்பங்கரையிலேயே வைத்தாலும், காலையில் திறந்து பார்த்தால் கரைத்த மாவு கரைத்தபடியே இருக்கும். ஈஸ்ட் சேர்த்த ரொட்டி மாவும் அப்படியே. நுண்ணுயிர்கள் உண்டு பெருகினால்தான் மாவு எழும்பும். அவற்றுக்கு வெதுவெதுப்பு வேண்டும். சோடாவோ உயிரற்ற உப்பு. அது குளிரையும் பொருட்படுத்துவதில்லை. இரவெல்லாம் காத்திருக்கவும் சொல்வதில்லை. சென்ற குளிர்காலத்தில் இம்முறையை நாங்கள் வீட்டில் மேற்கொண்டதன் காரணம் இதுவே. கடைவீதியில் ஆரஞ்சுப் பழங்கள் குவிந்து கிடந்த காலமாதலால், அதன் மணத்தையும் சேர்த்துக்கொண்டோம்.

செய்முறைக்குள் புகுமுன், இந்த ரொட்டி தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். சோடா மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். பிரான்சு நாட்டு லெபிளாங்க் என்பார் 1791-ஆம் ஆண்டில் சாதாரண உப்பிலிருந்து சோடாச் சாம்பல் எடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அதன் பின்னர் தொழிற்சாலைகள் பெருகின. 1830-களில் ஆப்பச் சோடா அயர்லாந்தின் சமையலறைகளை எட்டிற்று. அது அந்நாட்டு மண்ணுக்கும் வானிலைக்கும் மிகவும் பொருந்தியதாக அமைந்தது. அயர்லாந்து ஓயாமல் மழை தூறும் நாடு. அங்கே விளையும் கோதுமை மென்மையானது. மாவைச் சவ்வாக இழுத்துப் பிடிக்கும் பசைப் புரதம் அதில் குறைவு. ஈஸ்ட் ரொட்டிக்கு அந்தப் பசை இன்றியமையாதது. சோடா ரொட்டிக்கோ அது மிகுந்தால்தான் கேடு.

மாவும் சோடாவும் இருந்தால் மட்டும் போதாது, புளிப்பும் வேண்டும். அதனைத் தந்தது மோர். அயர்லாந்துக் குடியானவர் வீடுகளில் பசு இருந்தது, வெண்ணெய் கடைந்தார்கள். ஆனால் வெண்ணெயை அவர்கள் உண்ணவில்லை. அது பீப்பாய்களில் அடைபட்டுச் சந்தைக்குச் சென்றது. விற்ற பணம் நிலக்கிழாருக்குக் குத்தகையாகப் போயிற்று. 1770-ஆம் ஆண்டு முதல் 1924-ஆம் ஆண்டு வரை கார்க் நகரில் இயங்கிய வெண்ணெய்ச் சந்தை உலகப் புகழ் பெற்றிருந்தது. அச்சந்தைக்குப் போனது வெண்ணெய். வீட்டில் எஞ்சியது மோர்.

1845-ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிற்று. 1852 வரை நீடித்த அப்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். இன்னும் பத்து இலட்சத்துக்குக் குறையாதோர் நாட்டை விட்டே வெளியேறினர். அந்த ஆண்டுகளிலும் வெண்ணெய்ப் பீப்பாய்கள் கப்பல் ஏறியவண்ணமே இருந்தன. கிழங்கை மட்டும் நம்ப இயலாதென்று கண்ட மக்களின் உணவில் ரொட்டி மேலும் மேலும் இடம்பெறலாயிற்று. தனி அடுப்பில்லாத வீடுகளில், மூடியுள்ள இரும்புச் சட்டியை நெருப்பின்மேல் வைத்து, மூடியின் மேலும் தணலைப் பரப்பி ரொட்டி சுட்டார்கள். கீழும் மேலும் தணல் வைத்துச் சமைக்கும் முறை நமக்கும் புதிதன்று. வடபகுதியான அல்ஸ்டரில் மாவைத் தட்டையாகத் தட்டி, நான்காக வகிர்ந்து, தோசைக் கல் போன்ற இரும்புத் தட்டில் இருபுறமும் சுடுவது வழக்கம்.

இனி, சோடா எவ்வாறு மாவை எழுப்புகிறது என்பதைக் காண்போம். மோரில் உள்ள லாக்டிக் அமிலம் சோடாவோடு சேர்ந்தவுடன் கரியமில வாயு வெளிப்படுகிறது. 84 கிராம் சோடா முழுமையாக வினைபுரிந்தால் 44 கிராம் வாயு கிடைக்கும். தலை தட்டிய ஒரு தேக்கரண்டிச் சோடா ஏறத்தாழ 5 கிராம் எடையுள்ளது. அதிலிருந்து ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான வாயு எழக்கூடும். அதில் ஒரு பகுதி மாவினுள் அடைபட்டு நின்றாலே ரொட்டி மெத்தென்று எழும்பிவிடும். இந்த வினை, மோர் பட்ட கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆகையால் மாவைக் கலந்த பின் தாமதிக்கலாகாது; அடுப்பு முன்னரே சூடேறிக் காத்திருக்க வேண்டும்.

தேவையான பொருள்கள் இவை: மைதா 300 கிராம், சலித்த கோதுமை மாவு 150 கிராம், தலை தட்டிய ஒரு தேக்கரண்டி ஆப்பச் சோடா, அதே அளவு உப்பு, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, ஆரஞ்சுப் பழம் இரண்டு, கெட்டியான புளித்த மோர் 350 மில்லி லிட்டர். நம் வீடுகளில் அருந்தும் நீர்மோர் இதற்கு உதவாது. 250 கிராம் புளித்த தயிரில் 100 மில்லி லிட்டர் நீர் விட்டுக் கடைந்துகொண்டால் சரியாக இருக்கும்.

பழங்களை நன்கு கழுவித் துடைத்து, மேல்தோலை மட்டும் மெல்லிய துருவியால் துருவுக. ஆரஞ்சின் மணமெல்லாம் வண்ணத் தோலில் உள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் அடங்கியிருக்கிறது. அதன் அடியிலுள்ள வெள்ளைப் பகுதியோ கசக்கும். அது துருவலில் சேரலாகாது. துருவலில் பாதியைச் சர்க்கரையோடு விரல் நுனியால் தேய்க்க வேண்டும். சர்க்கரையின் கூர்மையான பரல்கள் எண்ணெய்ப் பைகளைக் கிழித்து மணத்தை வெளிக்கொணரும். எஞ்சிய பாதியை வெண்ணெய்க்கென ஒதுக்கி வைக்கலாம். ஒரு பழத்தின் சாற்றைப் பிழிந்து மோரில் கலக்குக. சாற்றின் புளிப்பும் சோடாவுக்குத் துணை நிற்கும்.

மாவு, சோடா, உப்பு ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து இருமுறை சலிக்கவும். பின்பு மணமேற்றிய சர்க்கரையைக் கலந்து, நடுவே குழி செய்து மோரை ஊற்றி, கையை விரித்துப் பெரிய வட்டங்களாகச் சுழற்றுக. மாவு ஒன்று சேர்ந்தவுடன் கையை எடுத்துவிட வேண்டும். மாவு சற்று ஒட்டும் பதத்தில் இருப்பதே முறை. மிகவும் உலர்ந்திருந்தால் ஒரு கரண்டி மோரைத் தெளித்துக்கொள்ளலாம். மாவு தூவிய பலகையில் இட்டு, நான்கு விரற்கடை உயரமுள்ள வட்டமாக்கி, கத்தியால் சிலுவை போல ஆழமாகக் கீறுக. தேவதைகள் வெளியேற வழிவிடுவதே இக்கீறல் என்பது அந்நாட்டுப் பாட்டிமார் கூற்று. தடித்த நடுப்பகுதியிலும் வெப்பம் புகுவதற்கு அது வழி செய்கிறது என்பது கண்கூடு.

அடுப்பு 220 டிகிரி சென்டிகிரேடில் இருக்கட்டும். பதினைந்து நிமிடம் கழித்து 200 டிகிரிக்குக் குறைத்து, மேலும் இருபத்தைந்து முதல் முப்பது நிமிடம் வரை சுடுக. ரொட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தட்டினால், வெற்றுப் பானையைத் தட்டினாற்போல ஒலி எழ வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே வேகவில்லை என்று பொருள். மின்னடுப்பு இல்லாதவர் அல்ஸ்டர் வழக்கத்தைப் பின்பற்றலாம். இரண்டு விரற்கடைக்கு மேற்படாத தடிமனில் தட்டி, நான்காக வகிர்ந்து, தோசைக் கல்லில் மிகச் சிறு தீயில் ஒவ்வொரு புறமும் எட்டு முதல் பத்து நிமிடம் சுட்டால் போதும்.

எங்கள் முதல் இரண்டு முயற்சிகளும் பலிக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்வது நலம். முதல் முறை, சப்பாத்தி மாவைப் பிசைந்து பழகிய கை சும்மா இருக்கவில்லை. பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்தோம். வெளிப்பட்ட வாயு வீணாயிற்று. பசைப் புரதம் இறுகிற்று. அம்மிக்கல் போன்ற ஒன்று கிடைத்தது. இரண்டாம் முறை, நன்றாக எழும்பட்டுமே என்ற ஆசையால் சோடாவைக் குவியலாகப் போட்டோம். ரொட்டி எழும்பியது உண்மையே. ஆனால் ஆங்காங்கே மஞ்சள் புள்ளிகள் தோன்றின. வாயில் சவர்க்காரச் சுவை தட்டிற்று. புளிப்புக்கு மிஞ்சிய சோடா காரமாக நின்றுவிடும் என்பதை நாவே கற்பித்தது. “அளவு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு” என்று குழந்தைகள் எங்களுக்கே பாடம் சொன்னார்கள். மூன்றாம் முறை கையையும் ஆசையையும் ஒருங்கே அடக்கினோம், ரொட்டி மலர்ந்தது.

இறுதியாக, வெண்ணெய். உப்பிடாத வெண்ணெய் 100 கிராம் எடுத்து, குளிர் நீங்கி இளகும் வரை வெளியில் வைக்கவும். அதில் ஒரு மேசைக்கரண்டித் தேன், ஒதுக்கி வைத்த ஆரஞ்சுத் துருவல், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்து மரக்கரண்டியால் வெளுக்கும்வரை குழைக்கவும். விரும்பினால் ஓர் ஏலக்காயின் பொடியையும் சேர்க்கலாம். பழச் சாற்றை ஊற்றினால் வெண்ணெயோடு கலவாமல் பிரிந்து நிற்கும். தோலின் மணமோ எண்ணெயாதலால் கொழுப்பில் எளிதில் கரைந்து பரவும். குழைத்ததை மெழுகுத்தாளில் சுருட்டி, ஒரு மணி நேரம் குளிர வைத்தால் வில்லைகளாக நறுக்கலாம். ரொட்டியை ஒரு துணியில் சுற்றி ஆறவிட்டு, இளஞ்சூட்டோடு பரிமாறுக. இது மறுநாளே உலர்ந்துவிடும். சுட்ட அன்றே உண்பது சிறப்பு.

ஆரஞ்சும் தேன் வெண்ணெயும் இந்த ரொட்டிக்குப் பிற்காலத்தார் சேர்த்த அணிகலன்கள். பழைய நாளில் உலர்ந்த திராட்சை சேர்த்ததே விழாக்காலச் சிறப்பாகக் கருதப்பட்டது. இன்று சூடான துண்டின்மீது வெண்ணெய் வில்லை ஒன்று உருகுவதைக் காணும்போது, அதனைக் கடைந்த கைகள் ஒரு காலத்தில் அதன் சுவையை அறியாமலே சந்தைக்கு அனுப்பிவைத்தன என்பது நம் நினைவுக்கு வருகிறது. வெண்ணெய் போனபின் எஞ்சிய மோரையும், ஒரு கரண்டி உப்பையும் கொண்டு அவர்கள் தம் மக்களின் பசியாற்றினார்கள். இந்த ரொட்டியை முதலில் நமக்குத் தந்தவர்கள் அவர்களே. அதனை அவர்களுக்குக் கிட்டாத வெண்ணெயோடு உண்கையில், ஒரு துண்டை அண்டை வீட்டாருக்கும் கொடுத்துவிட்டு உண்போமாக.