கூட்டமாக சைக்கிள் ஓட்டும்போது ஏன் விழுகிறோம்?



செப்டம்பர் வந்தாலே நம்ம பள்ளிக்கூடத்தில் சைக்கிள் பேச்சுதான். அறிஞர் அண்ணா பிறந்த நாளை (செப்டம்பர் 15) ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு 15 கிலோமீட்டர், மாணவிகளுக்கு 10 கிலோமீட்டர். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 17 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் மாணவர் என்றால் 20, மாணவி என்றால் 15. சாதாரண ஹேண்டில்பார் உள்ள, இந்தியாவில் செய்த சைக்கிள்தான் அனுமதி. அதனால் வீட்டில் இருக்கும் சைக்கிளே போதும் என்று நிறைய பேர் பெயர் கொடுக்கிறோம். விடியற்காலையில் ஐந்தாறு பேராகச் சேர்ந்து பயிற்சிக்கும் கிளம்பிவிடுகிறோம்.

இந்த வருஷம் அப்படிப் போன எங்கள் குழுவில் ஒருவனுக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே நெஞ்சிலிருந்து தோள் வரைக்கும் போகுமே, அந்த எலும்பு. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் "நேரம் சரியில்லை", "கண்ணு பட்டுட்டு" என்றார்கள். நேரமும் இல்லை, கண்ணும் இல்லை. இதற்குக் காரணம் இருக்கிறது. அது தெரிந்தால் அடுத்தவன் விழாமல் இருக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முன் சக்கரம் உரசினால் என்ன ஆகும்?

கழுகுமலை ரோட்டில் ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தோம். முதலில் போனவன் ஒரு குழியைப் பார்த்துச் சட்டென்று வலது பக்கம் ஒதுங்கினான். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வந்தவனுடைய முன் சக்கரம் ஏற்கெனவே அவனுடைய பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், வலது பக்கமாக ஒரு சாண் நுழைந்திருந்தது. இரண்டும் உரசின. முன்னால் போனவனுக்கு லேசான ஆட்டம், அவ்வளவுதான். பின்னால் வந்தவன் தரையில் கிடந்தான். நான் நாலாவது ஆள். இடைவெளி இருந்ததால் ஓரமாக இறக்கி நிறுத்த முடிந்தது.

இடித்த இருவரில் ஒருவன் மட்டும் ஏன் விழுந்தான்? சைக்கிள் சாயாமல் நிற்பதற்குக் காரணம் ஹேண்டில்தான். நாம் நேராகப் போகிறோம் என்று நினைத்தாலும், கை ஒவ்வொரு கணமும் ஹேண்டிலை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டே இருக்கிறது. சாய்கிற பக்கமே சக்கரத்தைத் திருப்பி உடம்பைத் தாங்குகிறோம். ஹேண்டில் லாக் ஆன சைக்கிளை ஓட்ட முடியுமா? இரண்டு கெஜம் கூடப் போகாது. முன் சக்கரம் இன்னொரு சக்கரத்தோடு சிக்கும்போது அதேதான் நடக்கிறது. திருப்ப வேண்டிய பக்கம் திருப்ப முடியாது, ஆள் விழுவான். பின் சக்கரத்தில் இடி வாங்கியவனுக்கு ஹேண்டில் அவன் கையில்தான் இருக்கிறது. அதனால் சமாளித்துவிடுவான்.

முதல் பாடம் இதுதான்: உங்கள் முன் சக்கரம் முன்னால் போகிறவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஒரு விரற்கடை கூட நுழையக் கூடாது.

அப்புறம் ஏன் நெருங்கிப் போகிறார்கள்?

டி.வி.யில் சைக்கிள் பந்தயம் பார்த்தவர்கள், "அவங்க எல்லாம் ஒட்டிக்கிட்டுத்தானே போறாங்க?" என்று கேட்கலாம். வேகமாகப் போகும்போது நம் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே செலவாகிறது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், பின்னால் வருபவருக்குக் கால் பங்கு போல உழைப்பு மிச்சம். அந்த ஆசையில்தான் நெருங்குகிறோம்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு சுமார் 7 மீட்டர். கண்ணால் பார்த்து, மூளைக்கு உறைத்து, விரல் பிரேக்கைப் பிடிப்பதற்குள் முக்கால் நொடி, ஒரு நொடி ஓடிவிடும். அதற்குள் சைக்கிள் ஐந்து, ஏழு மீட்டர் போயிருக்கும். நீங்கள் விட்ட இடைவெளி ஒரு மீட்டர்தான் என்றால், முன்னால் போகிறவர் திடீரென்று நின்றால் பிரேக் பிடிக்க நேரமே இல்லை. பழகும் காலத்தில் மூன்று சைக்கிள் நீளமாவது விட வேண்டும் என்பது என் கருத்து. அதுவும் முன்னால் போகிறவர் வாய் திறந்து சொன்னால்தான் போதும்.

பெரிய வீரர்களும் விழுந்திருக்கிறார்கள்

கொலம்பியா நாட்டு வீரர் ஏகன் பெர்னால் சிறு வயதில் மலை சைக்கிள் ஓட்டியவர். 2014இல் ஜூனியர் உலக மலை சைக்கிள் போட்டியில் வெள்ளி, 2015இல் வெண்கலம் வாங்கினார். 2019இல், 22 வயதில், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தையே வென்றார். அப்படிப்பட்டவர் 2022 ஜனவரி 24 அன்று தன் அணி நண்பர்களோடு சொந்த நாட்டில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். கையை முன்னால் நீட்டி, தலையைக் குனிந்து ஓட்டும் சைக்கிள் அது. ஆள் ஏற்றி இறக்க ரோட்டோரம் நின்ற ஒரு பஸ்ஸின் பின்பக்கத்தில் சுமார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதினார். தொடை எலும்பு, முழங்கால் சில்லு, முதுகெலும்பு, விலா எலும்பு என்று ஏறக்குறைய 20 எலும்புகள் முறிந்தன. நுரையீரலிலும் காயம். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகும். நிமிர்ந்து பார்ப்பதற்குள் பஸ் வந்துவிடும்.

பிரிட்டன் வீரர் கிறிஸ் புரூம் நான்கு முறை டூர் டி பிரான்ஸ் வென்றவர். 2019 ஜூன் 12 அன்று பிரான்சில், பந்தயத்துக்கு முன் பாதையைப் பழகிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கைச் சிந்த ஒரு கையை ஹேண்டிலிலிருந்து எடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கக் காற்று முன் சக்கரத்தைத் தள்ளியது. தொடை, முழங்கை, விலா எலும்புகள் முறிந்தன.

இவர்களுக்குத் திறமை இல்லையா? உலகத்திலேயே சிறந்த ஓட்டுநர்கள். திறமை மட்டும் போதாது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன். நம்ம ஊரிலும் மினி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் கை காட்டின இடத்தில் நிற்கும். ஆனி, ஆடியில் மலைப் பக்கமிருந்து வரும் காற்று ஆளையே தள்ளும். அறுவடை சமயத்தில் தார் ரோட்டிலேயே தானியம் காயப்போட்டிருப்பார்கள். அதில் சக்கரம் ஏறினால் வழுக்கிவிடும்.

முன்னால் போகிறவர் வாய்தான் பின்னால் வருபவருக்குக் கண்

வரிசையில் போகும்போது பின்னால் வருபவருக்குத் தெரிவது முன்னால் இருப்பவரின் முதுகும் கேரியரும்தான். ரோடு தெரியாது. அதனால் பார்த்தவர் சொல்ல வேண்டும்; கேட்டவர் அதையே பின்னாலும் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் இப்போது வைத்திருக்கும் சொற்கள் இவை:

"குழி!"
"மண்ணு!" (மணல், தானியம் எல்லாவற்றுக்கும்)
"பஸ் நிக்கு!"
"பின்னால வண்டி!" (இதைக் கடைசி ஆள் சொல்லணும்)
"நிறுத்தப் போறேன்!"

சொல்லிவிட்டுத்தான் ஒதுங்கணும், ஒதுங்கிவிட்டுச் சொல்லக் கூடாது. பிரேக்கும் இரண்டு கையிலும் சேர்த்து, அமுக்கி அமுக்கிப் பிடிக்கணும். நம்ம சைக்கிள்களில் பெரும்பாலும் வலது கைப் பிரேக் முன் சக்கரத்துக்கு. பதறி அதை மட்டும் இறுக்கினால் பின் சக்கரம் தூக்கிவிடும். மணலில் முன் பிரேக்கைப் பிடிக்கவே வேண்டாம்.

விழுந்துவிட்டால்?

விழும்போது நாம் எல்லோரும் கையை ஊன்றுவோம், அல்லது தோள் தரையில் அடிக்கும். கையில் விழும் அடி தோள் வழியாக நெஞ்சுக்குப் போகும் வழியில்தான் காறை எலும்பு இருக்கிறது. மெல்லிய எலும்பு, அதனால் முதலில் அதுதான் முறிகிறது.

எங்கள் நண்பன் விழுந்தபோது கூடியவர்களில் ஒருவர், "கையை இழுத்து விடுங்கலே, சரியாயிரும்" என்றார். இன்னொருவர் எண்ணெய் போட்டு நீவலாம் என்றார். அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் செய்யக் கூடாது. முறிந்த எலும்பின் முனை கூர்மையாக இருக்கும். பக்கத்திலேயே இரத்தக்குழாயும் நரம்பும் போகின்றன. இழுத்தாலோ நீவினாலோ அவை கிழியலாம். கையை மடக்கி நெஞ்சோடு வைத்து, ஒரு துண்டால் கழுத்தில் தொட்டில் போலக் கட்டி, ஆடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். நாங்கள் அப்படித்தான் கொண்டுபோனோம். ஆறு வாரம் கையைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் இந்த வருஷப் போட்டிக்கு வர முடியாது.

தலையில் அடி என்றால் இன்னும் கவனம் வேண்டும். மயக்கம், வாந்தி, கேட்டதையே திரும்பக் கேட்பது, தூக்கக் கலக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் 108க்குப் போன் செய்யுங்கள். கழுத்தைத் திருப்பாதீர்கள், சோடாவோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். சிராய்ப்பைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவணும். காப்பித்தூள் அப்புவது வேண்டவே வேண்டாம்.

ஹெல்மெட் எதற்கு?

சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது தெர்மகோல் போன்ற பொருள்தான். அடி விழும்போது அது நசுங்கி அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒரு தடவை நசுங்கினால் மறுபடி உதவாது. 2003 மார்ச்சில் ஆந்த்ரே கிவிலெவ் என்ற கஜகஸ்தான் வீரர் ஹெல்மெட் இல்லாமல் பந்தயத்தில் விழுந்து இறந்தார். அந்த வருஷமே தொழில்முறைப் பந்தயங்களில் ஹெல்மெட் கட்டாயமாக்கப்பட்டது. நாம் இன்னொருவன் விழும்வரை காத்திருக்க வேண்டுமா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். போட்டிக்குப் பெயர் கொடுத்த தம்பி, தங்கைகள் நேராக மெயின் ரோட்டுக்குப் போக வேண்டாம். சனிக்கிழமை மாலை நம் மைதானத்தில் வரிசையாகப் போவதையும் சத்தம் கொடுப்பதையும் சேர்ந்து பழகலாம். பி.டி. சாரிடம் அனுமதி வாங்கியாயிற்று. வருகிறவர்கள் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, மணி அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். மணி இல்லாத சைக்கிளுக்கு வரிசையில் இடம் கிடையாது!



– பதினோராம் வகுப்பு மாணவன்