சக்கரக் கணக்கு – 9: வயதான குட்டி யானை

டாடா மோட்டார்ஸ் 2005 மே மாதம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஏஸ், தமிழ்நாட்டில் காய்கறிச் சந்தையிலிருந்து கட்டுமான இடம் வரை 'குட்டி யானை' என்ற பேரில்தான் ஓடுகிறது. இண்டிகா காரின் 1,405 சிசி நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினில் சரிபாதி இதன் இன்ஜின்: 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். முதல் மாடலுக்கு அனுமதிக்கப்பட்ட பாரம் 750 கிலோ. வண்டியும் சரக்கும் சேர்ந்து 1,550 கிலோ. செங்கல்லும் எம்-சாண்டும் ஏற்றும் வண்டி இந்த அளவோடு நிற்பது அபூர்வம். அதனால் பழைய ஏஸின் தேய்மானத்தை ஓடோமீட்டரைப் பார்த்து மட்டும் கணிக்க முடியாது. கூரியர் பெட்டி ஏற்றிய வண்டி இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் திடமாக இருக்கும். ஜல்லி ஏற்றிய வண்டி அதில் பாதி தூரத்திலேயே தளர்ந்துவிடும்.

பணத்தை அதிகம் விழுங்குவது சூடு. இன்ஜின் இருக்கைக்கு அடியில் அடங்கியிருப்பதால், தண்ணீர் கசிவதோ ஹோஸ் உப்புவதோ கண்ணில் படுவதில்லை. கூலன்ட் குறையும்போது பலர் கைக்குக் கிடைக்கும் போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அதிலுள்ள உப்பு ரேடியேட்டர் குழாய்களிலும் பிளாக்கின் நீர்ப்பாதையிலும் படிந்து, சூடு வெளியேறும் வழியை அடைக்கிறது. பாரத்தோடு மேடு ஏறும்போது வெப்பமுள் மேலே போகிறது. ஓட்டுநர் "அடுத்த பங்க்கில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டுகிறார். ஹெட் கேஸ்கெட் போய்விடுகிறது. ரேடியேட்டரில் குமிழி வருவது, காரணமில்லாமல் தண்ணீர் குறைவது, ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறுவது ஆகியவை இதன் அடையாளங்கள். கேஸ்கெட் மட்டும் மாற்றினால் போதாது. ஹெட் வளைந்திருந்தால் லேத் பட்டறையில் ஃபேஸிங் பிடித்தாக வேண்டும். விரிசல் விட்டிருந்தால் புது ஹெட்தான். சில நூறு ரூபாய் ஹோஸையும் கிளாம்பையும் தள்ளிப்போட்டதற்கு இப்படிப் பல ஆயிரம் ரூபாய் வேலை வந்து சேர்கிறது. இதே பாதையில் வாட்டர் பம்பின் சீலும் தெர்மோஸ்டாட்டும் கவனிக்க வேண்டியவை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது பட்டறைகளில் பரவலான பழக்கம். ஆனால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடுவதால் டீசலும் கூடுதலாகச் செலவாகிறது, சிலிண்டரும் சீக்கிரம் தேய்கிறது.

டைமிங் பெல்ட் முன்னறிவிப்பு தராத பொருள். அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளையும். மறுபடியும் ஹெட்டைக் கழற்ற வேண்டும். பழைய வண்டி வாங்குபவர் "போன வருஷம்தான் மாத்தினது" என்ற பேச்சை நம்பாமல், பெல்ட்டையும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றிக்கொண்டு அன்றைய கிலோமீட்டரைக் குறித்துவைப்பது நல்லது.

முதல் தலைமுறை ஏஸில் டீசல் நேராக சிலிண்டருக்குள் எரிவதில்லை. பக்கத்திலுள்ள சிறிய அறையில் எரியத் தொடங்கிப் பிறகு சிலிண்டருக்குப் பரவுகிறது. குளிர்ந்த காலையில் அந்த அறையின் சுவரே சூட்டை இழுத்துக்கொள்வதால்தான் ஹீட்டர் பிளக் தேவைப்படுகிறது. சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு பிளக்குகளில் ஒன்று செத்துவிட்டால் இன்ஜின் ஒற்றைக் காலில் நொண்டி எழும், வெண்புகை விடும், வண்டியே குலுங்கும். மலிவான பிளக்கைப் பார்க்காமல் பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் மாற்றிய செலவு வீண். கரும்புகைக்கு முதல் சந்தேகம் அடைத்த ஏர் ஃபில்டர், அடுத்தது தேய்ந்த நாசில். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கலாம். டீசல் பம்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டிவிடுவது 'பிக்கப்' வேண்டுவோர் கேட்கும் வேலை. கிடைப்பது கொஞ்சம் இழுவை, நிறைய புகை, இன்னும் அதிக சூடு.

இரண்டே சிலிண்டர் என்பதால் அதிர்வு இந்த இன்ஜினின் கூடப்பிறந்தது. மவுண்டிங் ரப்பர் தளர்ந்தால் அந்த அதிர்வு சைலன்சர் குழாயில் விரிசலாகவும், வயர் இணைப்புகளில் லூஸாகவும், காரணம் புரியாத நட்டு கழல்தலாகவும் வெளிப்படும். மின்சாரக் கோளாறு என்று வரும் பாதி வண்டிகளில் எர்த் வயரைச் சுத்தம் செய்து முடுக்கினாலே போதும்.

கிளட்ச்சின் ஆயுள் ஓட்டுபவரின் இடது காலில் இருக்கிறது. 16 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு இரட்டிப்புப் பாரத்தை மேட்டில் கிளப்ப அரைக் கிளட்ச் தவிர வழியில்லை, பிளேட் கருகுகிறது. கியர்பாக்ஸை இறக்கும் கூலி எப்படியும் ஒன்றுதான் என்பதால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவதே சிக்கனம்.

அடுத்து ஸ்பிரிங் பட்டை. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் கொண்ட வண்டி இது. பின்பக்கம் தாழ்ந்துவிட்டால் கூடுதல் பட்டை ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். வண்டி நிமிர்ந்து நிற்கும். உரிமையாளருக்குத் தெம்பு வந்து இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். ஆனால் ஆக்சிலும் வீல் பேரிங்கும் டயரும் பிரேக்கும் பழைய கணக்கிலேயே இருக்கின்றன. பட்டையில் உடையாத பாரம் அங்கே போய் உடைக்கிறது. கிரவுன் பினியன் ஊளையிடத் தொடங்குவதும், கியர் மாற்றும்போது ஜாயின்ட் கிராஸ் 'டக்' என்று அடிப்பதும் அதன் பின்விளைவுகள். 12 அங்குலச் சக்கரம் சிறியது என்பதால் பள்ளத்தில் ஆழமாக விழுகிறது, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதிகச் சுற்று சுற்றுகிறது. கிங்பின் தேய்ந்தால் ஸ்டியரிங் ஆடும், முன் டயர் ஒரு ஓரமாகக் கரையும்; அந்த நிலையில் புது டயர் போடுவதும் வீண் செலவே. கிரீஸ் அடிக்கும் வேலையை விடாமல் செய்கிற வண்டியில் இவை பல ஆண்டுகள் தள்ளிப்போகும்.

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்பது பிரேக் அமைப்பு. பின் வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் நனைவது வயதான வண்டியின் வழக்கமான நோய். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் நீண்ட இறக்கத்தில் சூடேறி மிதி பஞ்சாகிவிடும்.

துருவைப் பொறுத்தவரை, மீன் பெட்டி ஏற்றும் கடலோர வண்டியின் கதை தனி. உப்பு கலந்த ஐஸ் தண்ணீர், சரக்குத் தொட்டியின் தரையிலிருந்து சேஸிஸுக்கு வடிந்துகொண்டே இருக்கும். தொட்டித் தகட்டை வெட்டி ஒட்டலாம். சேஸிஸ் அரித்திருந்தால் வெல்டிங் பத்தை நீண்ட நாள் தாங்காது.

பட்டறைக்கு வெளியேயும் செலவு இருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்கு பெர்மிட் தேவையில்லை என்பது ஏஸுக்குக் கிடைத்த பெரிய சலுகை. காப்பீட்டில் அப்படி இல்லை. 2022 ஜூனில் நடப்புக்கு வந்த விகிதப்படி, 7,500 கிலோ வரையிலான சரக்கு வாகனத்தின் மூன்றாம் நபர் பிரீமியம் வரி நீங்கலாக 16,049 ரூபாய். வண்டியின் மதிப்பு எவ்வளவு இறங்கினாலும் இந்தத் தொகை இறங்காது. எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டுதோறும். 15 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் பல மடங்கு உயர்ந்தது. கட்டணத்தோடு முடியாது, பெயின்ட், ஒளிரும் ஸ்டிக்கர், பிரேக் வேலை, வண்டி நிற்கும் நாட்களின் வாடகை இழப்பு எல்லாம் அதில் சேரும். அதிகப் பாரத்துக்கு 2019 சட்டத் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. நான்கைந்து நடைகளில் மிச்சம் பிடித்ததாக நினைக்கும் பணம் ஒரே சோதனையில் போய்விடும்.

இன்ஜினைப் பிரித்து ரீபோர் செய்யும் கட்டம் வரும்போது முதலில் பார்க்க வேண்டியது சேஸிஸை. அது உறுதியாக இருந்தால் இன்ஜின் வேலைக்குக் கொடுக்கும் பணம் சில ஆண்டுகளில் திரும்பிவிடும். மின்னணுப் பாகங்கள் அதிகம் இல்லாத பழைய ஏஸை எந்தச் சிற்றூர் மெக்கானிக்கும் சரிசெய்வார், உதிரிபாகமும் எங்கும் கிடைக்கும். சேஸிஸ் போயிருந்தால் எஃப்.சி. காலம் முடிவதற்குள் விற்றுவிடுவது உத்தமம். வாங்குபவர் பக்கமிருந்து பார்த்தால், எஃப்.சி. புதிதாக எடுத்த பழைய வண்டியில் பளபளக்கும் பெயின்ட்டுக்கு அடியில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும், இரவு முழுக்க நின்ற இன்ஜினைக் காலையில் தானே முதல்முறை கிளப்பிப் பார்ப்பதும் அவசியம்.