பெயர், சீதனம், எழுத்து: உடுவில் மகளிர் பள்ளியை முன்வைத்து

‘வெள்ளக்காரி வந்துதான் பொம்பளப் புள்ளைக்கு எழுத்து வந்துச்சு’ என்று அஸ்தம்பட்டிப் பக்கம் மிஷன் பள்ளிகளைப் பற்றிய பேச்சை முடித்துவிடுவார்கள். முழுக்க மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த எழுத்து எதற்குப் பதிலாக வந்தது என்று நாம் கேட்பதில்லை. கேட்பதற்குத் தோதான இடம் யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரி. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் 1824இல் தொடங்கிய விடுதிப் பள்ளி அது. ஆசியாவில் பெண்களுக்கான முதல் விடுதிப் பள்ளி என்பது அதன் பெருமை.

தொடங்கியவர் ஹேரியட் வின்ஸ்லோ. 1862இல் வெளிவந்த தமிழ் - ஆங்கில அகராதியால் நாமறிந்த மிரன் வின்ஸ்லோவின் மனைவி. (1950களில் அமெரிக்க வெளியுறவை நடத்திய ஜான் ஃபாஸ்டர் டல்லஸும், சிஐஏவை நடத்திய ஆலன் டல்லஸும் இந்த அம்மாளின் கொள்ளுப்பேரன்கள். வரலாற்றின் குசும்பு!) மழையில் வீடு திரும்ப முடியாமல் மிஷன் வீட்டில் சாப்பிட நேர்ந்த சிறுமிகளிலிருந்து பள்ளி பிறந்ததாக ஒரு கதை சொல்கிறார்கள். இந்தத் தோற்றக் கதையின் மையம் புத்தகம் அல்ல, சோறு. வேறு கையால் உண்ட உடல் சாதி வீட்டுக்கு எப்படித் திரும்பும்? விடுதி என்கிற அமைப்பு தேவைப்பட்டதே இங்கிருந்துதான்.

அடுத்தது பெயர். பிள்ளையின் செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கக் கொடையாளர் தம் விருப்பப்படி அதற்குப் பெயர் சூட்டலாம். தமிழ்ச் சிறுமிகள் நியூ இங்கிலாந்துச் சீமாட்டிகளின் பெயரோடு பதிவேட்டில் ஏறினார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சீதனம். 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கு செமினரி தொடங்கியாயிற்று. அங்கே படித்துக் கிறிஸ்தவனானவனுக்குக் கிறிஸ்தவப் பெண் வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணத்தோடு சொந்தபந்தம் அவனைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஆகவே கிறிஸ்தவனைக் கட்டும் பெண்ணுக்கு மிஷனே ஒரு தொகையைச் சீதனமாகக் கொடுத்தது. 1707இல் டச்சுக்காரர்கள் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் சீதனம் பெண்ணின் சொத்து. அதைக் கொடுப்பது பெற்றோர். மிஷன் சீதன முறையை உடைக்கவில்லை. தகப்பன் இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொண்டது. பெண் கல்வியை விடுதலைப் பெருங்கதையாடலாக மட்டும் வாசிக்கிறவர்கள் தாண்டிப்போகிற இடம் இது.

அதற்காக, எல்லாம் வெறும் ஆதிக்கச் சூழ்ச்சி என்று கோஷம் போடவும் என்னால் முடியவில்லை. 1842 முதல் 1879 வரை பள்ளியை நடத்திய எலைசா அக்னியூவை எடுத்துக்கொள்வோம். ‘ஆயிரம் மகள்களின் தாய்’ என்று பேர். நல்ல மனைவிகளை உருவாக்குவதற்கென்று இருந்த பள்ளியைக் கல்யாணமே செய்துகொள்ளாத ஒருத்தி முப்பத்தேழு வருஷம் நடத்தியிருக்கிறாள். மகள், பேத்தி என்று அடுத்தடுத்த தலைமுறைகள் அவளிடம் படித்தன. தனியாக நிற்கிற, சம்பாதிக்கிற, நிர்வாகம் பண்ணுகிற பெண்ணுடல் ஒன்றை அந்தப் பிள்ளைகள் தினமும் கண்ணால் பார்த்தார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம்!

பள்ளி பிற்பாடு தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தின் கீழ் வந்தது. 2016 செப்டம்பரில் அதிபர் மாற்றத்தை எதிர்த்து மாணவிகளே போராட்டத்தில் இறங்கினார்கள். ஒழுக்கம் போச்சு என்று சிலர் தலையிலடித்துக்கொண்டார்கள். பெயரையும் புருஷனையும்கூட நிர்வாகம் முடிவு செய்த வளாகம் அது. தங்களுக்கு அதிபர் யார் என்பதில் எங்களுக்கும் வார்த்தை உண்டு என்று அங்கேயே அந்தப் பிள்ளைகள் நின்றார்கள்.