நண்பன் தீட்டிய முகம்

ஒல்லாந்து ஓவியம் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வரும் பெயர் றெம்பிரான்ட். தன் முகத்தைத் தானே திரும்பத் திரும்பத் தீட்டியவர் அவர். தைலவண்ணத்தில் மட்டும் ஏறத்தாழ நாற்பது தடவை. அந்த முகம் இன்னொருவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது? 1629ஆம் ஆண்டளவில் யான் லீவன்ஸ் தீட்டிய உருவப்படம் இதற்கு விடை தருகிறது.

இருவரும் லெய்டன் நகரத்தவர்கள். 1606இல் பிறந்த றெம்பிரான்டின் தந்தை ஆலைக்காரர். 1607இல் பிறந்த லீவன்ஸின் தந்தை துணியிற் பூவேலை செய்பவர். இருவருக்கும் அம்ஸ்ரர்டாமில் வாழ்ந்த பீற்றர் லாஸ்ற்மன் குருவாக அமைந்தார். வயதில் இளையவரான லீவன்ஸே தொழிலில் மூத்தவர். பத்து வயதளவில் லாஸ்ற்மனிடம் சென்ற அவர், பன்னிரண்டு வயதளவில் தனித்துத் தீட்டத் தொடங்கிவிட்டார்.

1628ஆம் ஆண்டளவில் றெம்பிரான்ட் தீட்டிய சிறிய சுயஉருவப்படம் ஒன்று உண்டு. அதில் கன்னத்தில் வெளிச்சம் விழ, கண்கள் இருளுக்குள் மறைந்து கிடக்கின்றன. லீவன்ஸின் படத்திலோ அந்த இருள் இல்லை. கறுப்புத் தொப்பி, கழுத்தைச் சுற்றிய துணி, அதன் கீழே மினுங்கும் இரும்புக் கவசம். இவற்றுக்கு மேலே ஒரு வாலிபனின் முகம் தெளிவாகத் தெரிகிறது. தன்னை ஒளியும் நிழலும் பழகும் களமாக்கினார் றெம்பிரான்ட். லீவன்ஸ் தன் தோழனைத் தோழனாகவே கண்டார்.

அக்காலத்தில் இவர்களுள் பெரியவர் யார் என்பது தீராத கேள்வி. இளவரசரின் செயலாளரும் கவிஞருமான கொன்ஸ்ரன்டைன் ஹொய்கன்ஸ் இருவரையும் ஒருசேரப் புகழ்ந்து எழுதினார். உணர்ச்சியை உயிரோடு காட்டுவதில் றெம்பிரான்ட். கற்பனையிலும் கம்பீரத்திலும் லீவன்ஸ். அவர் தந்த தீர்ப்பு இதுதான்.

வரலாறு அந்தத் துலாக்கோலைச் சரித்துவிட்டது. 1632இல் லீவன்ஸ் இங்கிலாந்து சென்றார்; பின்னர் அன்ற்வேர்ப்பிலும் அம்ஸ்ரர்டாமிலும் வாழ்ந்து, 1674இல் வறுமையில் இறந்தார். 1669இல் மறைந்த றெம்பிரான்டின் முடிவும் வறுமைதான். ஆனால் புகழ் ஒருவரைத் தேடி வந்தது; மற்றவரின் உழைப்பையும் அவர் கணக்கிலேயே எழுதியது. அமெரிக்காவின் வட கரோலினா நூதனசாலை 1952இல் றெம்பிரான்டின் படைப்பென்று வாங்கிய 'எஸ்தரின் விருந்து', பின்னர் லீவன்ஸ் தீட்டியதென அறியப்பட்டது. 2008இல் வொஷிங்டன் தேசிய ஓவியக்கூடம் லீவன்ஸுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்திய பின்னரே பலர் அவரைத் திரும்பிப் பார்த்தனர்.

படத்தில் இருப்பவரை உலகம் அறியும்; தீட்டியவரைச் சிலரே அறிவர். இருவரில் எவரும் பெரியவராகிவிடாத ஒரு நாளில், நிகரானவன் நிகரானவனைப் பார்த்த பார்வை அது. புகழின் நிழல் விழாத றெம்பிரான்டை நாம் காண்பதற்கு அந்தப் பார்வையே துணை.