கிராமப் பல்லுயிர்ப் பதிவேடும் அதன் பாதுகாப்பும்

திருப்பத்தூரை அடுத்த ஜவ்வாது மலையில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு முதலிய இடங்களில் சாமை பயிரிடும் குடியானவர்கள் பலருக்கு ஒரு சந்தேகம் எழக்கூடும். அதாவது, தங்கள் விதை, மூலிகை விவரங்களைப் பதிவேட்டில் எழுதிக்கொடுத்தால் வெளியார் அவற்றை அபகரித்துக் கொள்ளமாட்டார்களா என்பதே. இது நியாயமான கேள்வி. எழுதாமலிருந்தாலும் நஷ்டமுண்டு, எழுதி எல்லோருக்கும் திறந்துவிட்டாலும் நஷ்டமுண்டு.

முதலாவதற்கு மஞ்சளே திருஷ்டாந்தம். மஞ்சட்பொடி புண்ணை ஆற்றும் என்பதற்காக 1995-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பேடெண்ட் என்னும் தனியுரிமை வழங்கப்பட்டது. இந்திய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் பழைய நூல்களை அத்தாட்சியாகக் காட்டி ஆட்சேபித்ததால் 1997-ல் அது ரத்தாயிற்று. நம் பாட்டிமார் தலைமுறைகளாய் அறிந்த விஷயமாயினும், அங்கே செல்லுபடியானது எழுத்துச் சாட்சியமே.

இரண்டாவது அபாயம் இக்காலத்தது. கம்ப்யூட்டரில் ஏற்றிய குறிப்புகளை, எத்தனை கிராமங்களுடையதாயினும், இயந்திரங்கள் வெகு சீக்கிரத்தில் சலித்து, எந்த மலையில் எந்தப் பச்சிலை எந்நோய்க்கு உதவும் என்று திரட்டிவிடும். 2001-ல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்னூலகத்தை, வெளியே விடுவதில்லை என்ற ஒப்பந்தத்தின்மேல் பேடெண்ட் காரியாலயங்களுக்குத் திறந்துகாட்டும் முறை கைக்கொள்ளப்பட்டது. குடியானவன் அண்டைவீட்டாருக்கு விதை கொடுப்பான். குதிரின் வாயைத் திறந்துவைத்துவிட்டுப் போகமாட்டான்.

2002-ம் வருஷத்திய பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமையவேண்டும். வியாபாரத்திற்காகச் சேகரிப்போரிடம் கட்டணம் விதிக்க அக்குழுவுக்கு அதிகாரமுண்டு. அந்நியக் கம்பெனிகள் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன்அனுமதி பெறவேண்டும்.

ஆகையால் குழுவினரும் கிராம உத்தியோகஸ்தர்களும் கவனிக்க வேண்டியவை யாவையெனில்:

1. சாமை ரகத்தின் பெயர், வயது, விதைப்புக் காலம், ஏற்ற நிலம் ஆகியவற்றைத் தாராளமாய்ப் பதியலாம். குடியானவர்களின் பாரம்பரிய ரகங்களை 2001-ம் வருஷச் சட்டத்தின்கீழ் அவர்கள் பெயரிலேயே பதிவுசெய்யவும் இடமுண்டு.

2. மருந்தின் சேர்மானம், அளவு, அரிய செடி நிற்குமிடம் ஆகியவற்றை, அறிந்தவரின் சம்மதம் பெற்று, தனி ஏடுகளில் எழுதிப் பூட்டிவைத்தல் நலம்.

3. எழுதியதைச் சொன்னவருக்கே வாசித்துக்காட்டித் தேதியிட்டபின் கையொப்பம் வாங்குக.

4. கேட்டு வருவோரின் பெயர், நோக்கம், பெற்றுச்சென்ற விவரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. ஏடு முழுவதையும் படமெடுக்க விடலாகாது.

மூலிகை அறிந்த முதியோர் இருக்கும்போதே இவ்வேலையைத் தொடங்குதல் உசிதம்.