பூட்டை உடைப்பதில்லை, சாவியைக் கேட்கிறார்கள்

திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது. திறந்தால் படம் இல்லை. ஏதோ செயலியை நிறுவச் சொல்கிறது. நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கிறது. 'சரி' என்று தட்டினால், அன்று முதல் வங்கி அனுப்பும் ஓடிபி எண் மோசடிக்காரருக்கும் போய்ச் சேரும். வங்கிப் பக்கம் போலவே ஒன்றைக் காட்டிக் கடவுச்சொல்லையும் வாங்கிவிடுவார்கள். தோட்டத்தில் முப்பது வருடம் உழைத்துச் சேர்த்த இபிஎப் பணம் இப்படியும் போகலாம்.

வாட்ஸ்அப் பாதுகாப்பானது, வங்கிப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறது என்கிறார்களே? அதுவும் உண்மைதான். அந்தப் பூட்டின் பெயர் மறையாக்கம்.

61-ஐ 53-ஆல் பெருக்கினால் 3233. இதை ஆறாம் ஆண்டு மாணவரே செய்துவிடுவார். ஆனால், வெறும் 3233-ஐக் கொடுத்து எந்த இரு எண்களின் பெருக்கல் என்று கேட்டால் கொஞ்சம் திணற வேண்டும். 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் உருவாக்கிய ஆர்எஸ்ஏ முறையின் அடிப்படை இதுதான். இன்று அதில் வழக்கமாகப் பயன்படும் எண்ணுக்கு 617 இலக்கங்கள்! அதைப் பிரித்தெடுக்க இன்றைய கணினிகளால் முடியவில்லை. பகா எண் எதற்கு என்று பள்ளியில் அலுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

வாட்ஸ்அப்பின் கணக்கு வேறு வகை. ஆனாலும் 2016 முதல் அதில் அனுப்பும் செய்தியை வழியில் யாரும் படிக்க முடியாது, அந்த நிறுவனமும்கூட.

'வழியில்' என்பதைக் கவனியுங்கள். உங்கள் கைப்பேசிக்கு வந்ததும் செய்தி திறந்துவிடுகிறது. உள்ளே புகுந்த செயலி அதைப் படிக்கும். எஸ்எம்எஸ்ஸுக்கோ அந்த முழுப் பூட்டும் கிடையாது. வங்கிகள் எஸ்எம்எஸ் ஓடிபியைக் கைவிட வேண்டும் என 2022-இல் பேங்க் நெகாரா அறிவித்ததற்கு இதுவும் காரணம். பூட்டுப் படம் போலி இணையத்தளத்திலும் இருக்கும். பாதை பூட்டப்பட்டுள்ளது என்றுதான் அது சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று சொல்லவில்லை.

இப்போது பல வங்கிகளில் செயலிக்குள்ளேயே ஒப்புதல் தரவேண்டும். அதனால் 'போலீஸ் பேசுகிறோம், ஒப்புதலைத் தட்டுங்கள்' என்று அழைக்கிறார்கள். நீங்கள் தொடங்காத பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கேட்டால் நிராகரியுங்கள்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997-ஐ அல்லது உங்கள் வங்கியை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு.